ரோடு எவ்வளவு ஸ்பீடு? ஓடற நிமிஷமும் நிக்கற நிமிஷமும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே வைத்து, படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னிக்கு டிராஃபிக் பத்திப் பேசப் போறோம். புலம்பறதுக்கு நமக்குச் சொல்லியே தர வேண்டாம், அதனால இன்னிக்கு அளக்கறது எப்படின்னு பார்ப்போம்.

சாயங்காலம் ஆறரை மணிக்கு ஓஎம்ஆர்ல எவ்வளவு ஸ்பீடுல போகலாம்? ஆபீஸ்ல பத்து பேர்கிட்ட கேளுங்க. ஒருத்தர் "15 தாண்டாதுப்பா"ன்னுவார். பக்கத்து சீட்டுக்காரர் "நான் 40ல வந்தேனே"ன்னுவார். ரெண்டு பேருமே உண்மைதான் சொல்றாங்க. ஒருத்தர் மொத்த தூரத்தை மொத்த நேரத்தால வகுத்துச் சொல்றார். இன்னொருத்தர் ரோடு காலியா இருந்தப்ப ஸ்பீடோமீட்டர்ல பார்த்ததைச் சொல்றார். போக்குவரத்துப் பொறியாளர்கள் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ரெண்டு தனித்தனி வேகம் வெச்சிருக்காங்க.

ஒரே பயணம், ரெண்டு வேகம்

முதலாவது பயண வேகம். கிளம்பின இடத்துல இருந்து சேர்ந்த இடம் வரைக்கும் ஆன மொத்த நேரத்தை வெச்சுக் கணக்கு. சிக்னல்ல நின்னது, யூ-டர்ன்ல மாட்டினது எல்லாம் இதுல சேரும்.

ரெண்டாவது ஓட்ட வேகம். வண்டி நகர்ந்துக்கிட்டு இருந்த நேரத்தை மட்டும் எடுத்துக்கணும். நின்ன நேரத்தைக் கழிச்சுடணும். கழிச்ச அந்த நேரத்துக்குப் பேர் நிறுத்தத் தாமதம்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். மத்திய கைலாஷ்ல இருந்து சோழிங்கநல்லூர் வரைக்கும் தோராயமா 12 கி.மீ.ன்னு வெச்சுக்கலாம். நிமிஷங்கள் எல்லாம் உதாரணத்துக்கு நான் எடுத்தது. மொத்தம் 48 நிமிஷம் ஆச்சுன்னா பயண வேகம் மணிக்கு 15 கி.மீ. அந்த 48ல 20 நிமிஷம் நின்னுட்டு இருந்தோம்னா, ஓடினது 28 நிமிஷம். ஓட்ட வேகம் கிட்டத்தட்ட 26.

இப்ப இன்னொரு ரோட்டை எடுத்துக்கோங்க. அதுவும் 12 கி.மீ., அதுவும் 48 நிமிஷம். ஆனா அங்க நின்னது 4 நிமிஷம்தான். மீதி 44 நிமிஷமும் வண்டி ஊர்ந்துக்கிட்டே இருந்தது. ஓட்ட வேகம் 16 சொச்சம்.

ரெண்டு ரோட்டுக்கும் பயண வேகம் ஒண்ணுதான். மேப்ல பார்த்தா ரெண்டும் ஒரே சிவப்பு. ஆனா ரெண்டுக்கும் நோய் வேற. முதல் ரோட்டுக்கு சந்திப்புகள்ல பிரச்சனை: சிக்னல் நேரம், யூ-டர்ன் இடம் இதையெல்லாம் பார்க்கணும். ரெண்டாவது ரோட்டுக்கு சந்திப்புகளுக்கு நடுவுல பிரச்சனை: ஓரமா நிறுத்தின வண்டிகள், பள்ளம், வேலை நடக்கற இடத்துல சுருங்கிப் போன லேன். ரெண்டாவது ரோட்டுல போய் சந்திப்புக்கு மேல ஃப்ளைஓவர் கட்டினா, அதிகபட்சம் மிச்சமாகறது நின்ன அந்த 4 நிமிஷத்துல ஒரு பங்குதான். அளக்காம செலவு பண்ணா இப்படித்தான் ஆகும்.

வேகமா ஓட்டினா சீக்கிரம் போயிடலாமா?

இது நம்ம வயசுக்காரங்களுக்கு, குறிப்பா பைக்ல போறவங்களுக்கு. "சிக்னல்ல போனதை நடுவுல முறுக்கிப் பிடிச்சுடலாம்"னு ஒரு நினைப்பு இருக்கு இல்லையா, அதையும் இதே கணக்குல சோதிக்கலாம்.

முதல் ரோட்டுல ஓட்ட வேகத்தை 26ல இருந்து 35க்கு ஏத்தறீங்க. ஓடற நேரம் 28 நிமிஷத்துல இருந்து 20.6 ஆகும். காகிதத்துல 7 நிமிஷத்துக்கு மேல லாபம். ஆனா அடுத்த சிக்னல் நீங்க வர்றீங்கன்னு சீக்கிரம் பச்சை ஆகாது. அரை நிமிஷம் முன்னாடி போய், அதே சிவப்புக்கு அரை நிமிஷம் அதிகமா நிப்பீங்க. ஓட்ட வேகத்துல சம்பாதிச்சதுல பெரும் பங்கு நிறுத்தத் தாமதத்துல போயிடும். பின்னாடி நிதானமா வந்த ஆட்டோ அதே பச்சையில உங்க பக்கத்துல கிளம்பும்.

இன்னொரு பக்கம், இயக்க ஆற்றல் வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 26ல இருந்து 35ன்னா சுமார் 1.8 மடங்கு. விழுந்தா, மோதினா, உடம்பு வாங்கறது அந்த 1.8 மடங்கு. கிடைக்கற ரெண்டு மூணு நிமிஷத்துக்கு இது ரொம்ப மோசமான டீல்.

சிக்னல் எப்படி நேரத்தைத் தின்னுது?

ஒரு சிக்னலோட முழுச் சுற்று 120 வினாடி, நம்ம பக்கத்துக்குப் பச்சை 40ன்னு வெச்சுக்கலாம். கூட்டமே இல்லை, நீங்க எப்ப வேணா வரலாம். மூணுல ரெண்டு தடவை சிவப்புல மாட்டுவீங்க. மாட்டும்போது சராசரியா 40 வினாடி காத்திருப்பீங்க. மொத்தத்துல ஒரு சிக்னலுக்குச் சராசரி 27 வினாடி. இப்படிப் பத்து சிக்னல்னா நாலரை நிமிஷம். இது ரோடு காலியா இருந்தாலும் கொடுத்தாகணும்.

இப்ப பீக் ஹவர். பச்சை விழுந்ததும் ஒரு லேன்ல ரெண்டு வினாடிக்கு ஒரு கார் போகும்னு வெச்சா, 40 வினாடியில 20 கார் போகும். ஒரு சுற்றுக்கு வர்றது 22 கார். ரெண்டே ரெண்டு கார்தான் அதிகம். ஆனா அந்த ரெண்டும் மிச்சம் நிக்கும். ஒரு மணி நேரத்துல 30 சுற்று, அப்ப 60 கார் தேங்கிடும். கடைசியில வர்றவருக்கு முன்னாடி நிக்கறவங்க போகவே மூணு சுற்று, அதாவது 6 நிமிஷம்.

அரை நிமிஷம்கூட ஆகாத காத்திருப்பை 6 நிமிஷம் ஆக்கினது பத்து சதவீதம் கூடுதல் கூட்டம். தாமதம் நேர்க்கோட்டுல ஏறாது, கொள்ளளவை நெருங்க நெருங்க செங்குத்தா எகிறும். இங்கிலாந்து ரோட் ரிசர்ச் லேபரட்டரியில வெப்ஸ்டர் 1958ல வெளியிட்ட சிக்னல் தாமதச் சூத்திரம் இதைத்தான் கணக்காச் சொல்லுது. உலகம் முழுக்க இன்னும் அதைப் பாடமா நடத்தறாங்க.

இதைத் திருப்பியும் பாருங்க. அதே சிக்னல்ல பச்சையை 4 வினாடி கூட்டினா 22 காரும் போயிடும், தேக்கமே இல்லை. ஆனா அந்த 4 வினாடி யாரோட பச்சையில இருந்து வருது? குறுக்கு ரோட்டுக்காரங்களோடதா, ரோட்டைக் கடக்க நிக்கற பாட்டியோடதா? அதனாலதான் எல்லாப் பக்கத் தாமதத்தையும் அளந்துட்டுத்தான் கை வைக்கணும்.

எப்படி அளக்கறாங்க?

பழைய வழி ரொம்ப எளிமை. ஒரு கார், ஒரு டிரைவர், பக்கத்துல ஒருத்தர், கையில ரெண்டு ஸ்டாப் வாட்ச். ஒண்ணு மொத்த நேரத்துக்கு. இன்னொண்ணு வண்டி நிக்கும்போது மட்டும் ஓடும். எங்க நின்னுது, எதுக்கு நின்னுதுன்னு குறிச்சுக்குவாங்க. டிரைவருக்கு ஒரு விதி: உங்களை எத்தனை வண்டி முந்துதோ, நீங்களும் அத்தனை வண்டியை முந்தணும். அப்பதான் உங்க கார் ஓட்டத்தோட சராசரியில மிதக்கும்.

முந்தற கணக்கு சமமா வரலைன்னா? 1954ல வார்ட்ராப், சார்ல்ஸ்வொர்த்னு ரெண்டு பேர் ஒரு அழகான வழி சொன்னாங்க. ஒரே ரோட்டுல போயிட்டுத் திரும்பி வரணும். உதாரணம்: ரோடு 3 கி.மீ. எதிர்த்திசையில போக 8 நிமிஷம், அப்ப எதிர்ல வந்த வண்டி 232. திரும்பி அந்த ஓட்டத்தோடயே வர 10 நிமிஷம். அப்ப நம்மளை முந்தினது 12, நாம முந்தினது 4, வித்தியாசம் 8. 232ஐயும் 8ஐயும் கூட்டினா 240. மொத்த நேரம் 18 நிமிஷம். வகுத்தா நிமிஷத்துக்கு 13.3 வண்டி, மணிக்கு 800. ரோட்டோரத்துல ஆள் உக்காராமலே எண்ணிக்கை கிடைச்சுடுச்சு!

அடுத்து, அந்த 8ஐ 13.3ஆல வகுத்தா 0.6 நிமிஷம். நம்ம 10 நிமிஷத்துல இருந்து அதைக் கழிச்சா 9.4. அதுதான் அந்த ஓட்டத்தோட சராசரி பயண நேரம். வேகம் மணிக்கு 19 கி.மீ. நம்மளை முந்தினவங்க அதிகம், அதனால சராசரி வண்டி நம்மளைவிடக் கொஞ்சம் வேகம்.

நம்ம ஊர்ல சிக்கல் எங்கன்னா, சிக்னல்ல பைக்கெல்லாம் இடுக்குல புகுந்து முன்னாடி போயிடும். பைக்கோட தாமதமும் பஸ்ஸோட தாமதமும் ஒண்ணு கிடையாது. அதனால வகைவாரியா எண்ணணும்.

சராசரி எடுக்கறதுல ஒரு பொறி இருக்கு. 10 கி.மீ. 20 வேகத்துல, அடுத்த 10 கி.மீ. 60 வேகத்துல போனா சராசரி 40ன்னு தோணும். ஆனா ஆன நேரம் 30 நிமிஷமும் 10 நிமிஷமும், ஆக 20 கி.மீ.க்கு 40 நிமிஷம். சராசரி 30தான். எப்பவும் நேரத்தைக் கூட்டுங்க, வேகத்தைக் கூட்டாதீங்க.

போன் சொல்றதை நம்பலாமா?

கூகுள் மேப்ஸ் 2009ல இருந்தே போன்கள்ல வர்ற இருப்பிடத் தகவலை வெச்சு டிராஃபிக் காட்டுது. 2020ல சைமன் வெக்கர்ட்னு ஒரு ஜெர்மன் கலைஞர், 99 பழைய போனை ஒரு கைவண்டியில போட்டு பெர்லின் தெருவுல இழுத்துட்டு நடந்த வீடியோவை வெளியிட்டார். காலியா இருந்த தெரு மேப்ல சிவப்பாச்சு. நகர்ற போன்களை வெச்சுத்தான் ஆப் ரோட்டை ஊகிக்குது. வண்டியை அது பார்க்கறதே இல்லை.

தினசரிப் பயணத்துக்கு இந்தத் தகவல் போதும். ஆனா நிறம் மட்டும் பார்த்தா, ஓட்டமா நிறுத்தமான்னு தெரியாது. இன்னொண்ணு, 50 பேர் இருக்கற பஸ் ஒரு நிமிஷம் நின்னா 50 பேரோட ஒரு நிமிஷம் போகுது. ஆளுக்கு ஒண்ணரை பேர்னு 20 கார் நின்னா 30 பேரோட நிமிஷம். வண்டியை எண்ணினா கார் ஜெயிக்கும். ஆளை எண்ணினா பஸ் ஜெயிக்கும். எதை எண்ணறோம்ங்கறதுதான் பச்சை யாருக்குன்னு முடிவு பண்ணுது. ஆறு லேனைக் கடக்க நின்னுட்டு இருக்கறவரோட நிமிஷம் மேப்ல எந்த நிறத்துலயும் வராது.

நீங்களே செய்யலாம்

வண்டி ஓட்டிக்கிட்டே வேண்டாம், ப்ளீஸ். பஸ்லயோ பின் சீட்லயோ இருக்கும்போது செய்யுங்க. ஜிபிஎஸ் பதிவு பண்ற இலவச ஆப் நிறைய இருக்கு, ஏதாவது ஒண்ணு போதும். வினாடிக்கு ஒரு வரின்னு பதிவாகும். வேகம் 5 கி.மீ.க்குக் கீழ இருக்கற வரியெல்லாம் நின்ன நேரம், மீதி ஓடின நேரம். பூஜ்யம்னு வைக்காதீங்க. நின்னுட்டு இருக்கும்போதே ஜிபிஎஸ் ஒண்ணு ரெண்டுன்னு காட்டும். மேம்பாலத்துக்கு அடியில புள்ளி தாவும், அந்த வரிகளை எடுத்துடுங்க.

ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு வார்த்தை குறிச்சுக்கோங்க: சிக்னல், பஸ் ஸ்டாப், யூ-டர்ன், பேரிகேட். பஸ்ல போனா ஆள் ஏறி இறங்கற நேரத்தைத் தனியா வைங்க, அது டிராஃபிக் தாமதம் இல்லை. ஒரு நாள் பதிவு போதாது. செவ்வாய், புதன், வியாழன், அதே நேரம், குறைஞ்சது ஆறு தடவை எடுத்துட்டு, வரிசைப்படுத்தி நடுவுல வர்ற அளவைப் பாருங்க.

"எங்க ஏரியாவுல ஒரே டிராஃபிக் சார்"னு மனு கொடுத்தா அதிகாரியால ஒண்ணும் பண்ண முடியாது. "சாயங்காலம் 6ல இருந்து 7 வரைக்கும், இந்த சிக்னல்ல, தெற்கு நோக்கிப் போறப்ப, ஆறு தடவையும் மூணு சுற்று நிக்க வேண்டியிருந்தது, அடுத்த சிக்னல்ல நிறுத்தமே இல்லை"ன்னு எழுதிக் கொடுத்தா, எங்க கை வைக்கணும்னு அவருக்கே தெரியும்.

உங்க ரூட்டுல ஓடற நிமிஷம் எவ்வளவு, நிக்கற நிமிஷம் எவ்வளவுன்னு அளந்து அனுப்புங்க. கேள்வி இருந்தாலும் கேளுங்க, அடுத்த எபிசோடுல பேசுவோம். அதுவரைக்கும் நிதானமா போங்க மக்களே!