காவலர் வண்டிக்கும் அதே பலகைதானா?

எட்டாம் வகுப்பில் சாலைக் குறியீடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு பிற்பகல். கரும்பலகையில் இரண்டு வட்டங்கள் வரைந்திருந்தேன். ஒன்றின் குறுக்கே ஒரே ஒரு சாய்கோடு: இங்கே வண்டியை நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. இன்னொன்றில் பெருக்கல் குறி போல இரண்டு கோடுகள்: இங்கே நிற்கவே கூடாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கி முடிப்பதற்குள் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், பஸ் ஸ்டாண்டு பக்கத்துல அந்த போர்டுக்குக் கீழேயே போலீஸ் பைக் நிக்குது. அவங்களுக்கு யார் சார் ஃபைன் போடுவாங்க?"

வகுப்பே சிரித்தது. "அவங்க டியூட்டியில இருப்பாங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த குறியீட்டுக்குப் போய்விட்டேன். அன்று மாலை வீடு திரும்பும்போதுதான் உறுத்தியது. என் பதில் பாதி சரி, பாதி தப்பித்தல். இப்படிப்பட்ட கேள்வி நம் எல்லோர் வகுப்பிலும் எப்போதாவது எழும் என்பதால், பிறகு நான் தேடிப் படித்ததை இங்கே பகிர்கிறேன்.

முதலில் சரியான பாதி. காவல் வாகனம், தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ் ஆகியவற்றுக்குச் சாலையில் முன்னுரிமை உண்டு. மோட்டார் வாகனங்கள் (ஓட்டுதல்) ஒழுங்குமுறைகள், 2017 இதைச் சொல்கிறது. ஆனால் அந்த முன்னுரிமை அவசரப் பணிக்கானது. விபத்து நடந்த இடத்தில் காவலர் வண்டியைச் சாலை நடுவே நிறுத்தித்தான் ஆக வேண்டும். தடை செய்த இடத்தில் நிற்கும் காரைத் தூக்க வரும் இழுவை வண்டியும் அந்தத் தடை செய்த இடத்தில்தான் நிற்க முடியும். இதில் விதிமீறல் இல்லை. அந்த வேலையை வேறு எப்படியும் செய்ய முடியாது.

அதே காவலர் தேநீர் குடிக்கப் போகும்போது வண்டியை நடைபாதையில் ஏற்றி நிறுத்தினால்? அப்போது வேலை என்ற காரணம் இல்லை. சீருடை மட்டும்தான் இருக்கிறது. விலக்கு அந்த வேலைக்குத்தானே தவிர, சீருடைக்கு அல்ல. என் பதிலில் விடுபட்டது இதுதான்.

நடைபாதை, பாதசாரிகள் கடக்கும் இடம், சாலைச் சந்திப்பு, பேருந்து நிறுத்தம், மருத்துவமனை வாசல், பள்ளி வாசல் ஆகிய இடங்களில் வண்டி நிறுத்தக் கூடாது என்கின்றன அந்த ஒழுங்குமுறைகள். காலை எட்டரை மணிக்கு நம் பள்ளி வாசல்கள் எப்படி இருக்கின்றன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, அவர்களுக்கு யார் அபராதம் போடுவார்கள்? நான் எதிர்பாராத ஒரு செய்தி இந்த இடத்தில்தான் கிடைத்தது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இல் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, விதியை மீறுபவர் யாராயினும் தண்டம் ஒன்றே. 2019இல் வந்த திருத்தம் 210பி என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் பெற்றவரே குற்றம் செய்தால், அந்தக் குற்றத்துக்கு உரிய தண்டத்தைப் போல் இரு மடங்கு. தனித் தண்டம் குறிப்பிடப்படாத மீறல்களுக்கான பொதுப் பிரிவு 177. அதன்படி முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறை 1500 ரூபாய் வரை. அமலாக்கும் அதிகாரிக்கோ அது 1000, 3000 என்று ஆகிறது. போக்குவரத்துக் காவலருக்கு மட்டுமன்றி மோட்டார் வாகன ஆய்வாளருக்கும் இது பொருந்தும். மாநகராட்சிக் குத்தகையில் வாகன நிறுத்தக் கட்டணம் வசூலிப்பவருக்கு இந்தச் சட்டத்தை அமலாக்கும் அதிகாரம் இல்லை. எனவே அவருக்கு நம்மைப் போன்ற சாதாரணத் தண்டம்தான். புதிய தண்டங்கள் நடைமுறைக்கு வந்த 2019 செப்டம்பரிலேயே, தில்லிக் காவல்துறை தன் காவலர்களுக்கு இந்த இரு மடங்கை நினைவூட்டி ஆணை அனுப்பியது.

ஏன் இரு மடங்கு என்று பிள்ளைகளையே கேட்டுப் பார்த்தேன். "அவங்களுக்கு ரூல் நல்லாத் தெரியும்ல சார்" என்றான் ஒருவன். சரியான விடை. தெரியாமல் செய்துவிட்டேன் என்று அவர் சொல்ல முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. நம் தவற்றைப் பார்த்து அபராதம் எழுத அவர் இருக்கிறார். அவர் தவற்றைப் பார்ப்பவர் பெரும்பாலும் அவருடைய சக ஊழியர். பிடிபடும் வாய்ப்பு குறைவு என்பதால் பிடிபட்டால் கனமாக இருக்கட்டும் என்பது ஒரு நியாயமான கணக்கு. அந்தக் கணக்கு ஏட்டில் மட்டும் நின்றுவிடக் கூடாது என்ற கவலையும் எனக்கு உண்டு.

தமிழாசிரியர்களுக்கு இந்த இடத்தில் பொற்கைப் பாண்டியன் நினைவுக்கு வந்திருப்பான். மனுநீதிச் சோழன் கதையைவிட நம் பொருளுக்கு இதுவே நெருக்கம். சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் செய்தி அது. நகர்காவலுக்காக இரவில் சுற்றிய அரசன், கீரந்தை வீட்டில் ஆண்குரல் கேட்டுக் கதவைத் தட்டிவிடுகிறான். வந்திருப்பது கணவன்தான் என்று தெரிந்ததும், அவன் மனைவிமீது ஐயம் கொள்ளாதிருக்க, தெருவிலுள்ள எல்லாக் கதவுகளையும் தட்டிவிட்டுப் போகிறான். மறுநாள் தட்டிய கைக்குத் தானே தண்டனை கொடுத்துக்கொள்கிறான். அவன் போனது காவல் பணிக்குத்தான். 'டியூட்டியில் இருந்தேன்' என்று அவன் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லவில்லை என்பதுதான் கதை. கையை வெட்டுவதை நியாயப்படுத்தாமல் அந்த ஒரு புள்ளியை மட்டும் வகுப்பில் பேசலாம்.

அண்மைக் கால எடுத்துக்காட்டு ஒன்று. 1982இல் தில்லியில் பிரதமர் அலுவலகத்தைச் சேர்ந்த அம்பாசடர் கார் ஒன்று கன்னாட் பிளேஸ் பகுதியில் தவறான இடத்தில் நின்றதற்காக இழுத்துச் செல்லப்பட்டது. அன்று போக்குவரத்துக் காவலில் துணை ஆணையராக இருந்த கிரண் பேடியே இழுத்ததாகப் பலரும் சொல்வார்கள். உண்மையில் அதைச் செய்தவர் அவருக்குக் கீழ் பணியாற்றிய உதவி ஆய்வாளர் நிர்மல் சிங். பேடி அவருக்குத் துணை நின்றார். வகுப்பில் சொல்லும்போது அந்த உதவி ஆய்வாளரின் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

இதையெல்லாம் அடுத்த வாரம் வகுப்பில் சொன்னேன். உடனே ஒரு வாதம் எழுந்தது. போலீஸ் வண்டியே நிற்கும்போது நமக்கு மட்டும் எப்படி அபராதம் போடலாம்? நாம் தினமும் கேட்கும் வாதம்தான்: "அவனும் பேசினான் சார், என்னை மட்டும் ஏன் நிக்க வெச்சீங்க?" அரசமைப்பின் 14ஆவது பிரிவு சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. ஆனால் சட்டத்துக்குப் புறம்பான ஒன்றில் சமத்துவம் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் பல வழக்குகளில் தெளிவாக்கியிருக்கிறது. இன்னொருவர் தப்பியது என் தவற்றைச் சரியாக்காது. அவரையும் கேளுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு, என்னை விடுங்கள் என்று சொல்ல இல்லை. (ஒரு எச்சரிக்கை: ஆர்வத்தில் சாலையில் நின்று காவலர்களைப் படமெடுக்கப் பிள்ளைகளை அனுப்பிவிட வேண்டாம். புகார் தருவது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை.)

பாடம் முடிந்தது என்று நினைத்து டஸ்டரை எடுத்தேன். அதே மாணவி மறுபடி எழுந்தாள்.

"உங்க ஸ்கூட்டர் சார்?"

எங்கள் பள்ளியின் சாய்தளத்தின் அடிப்பகுதியில் காலை வெயில் படாது. நான் சற்றுத் தாமதமாக வரும் நாள்களில் வண்டியை அங்கேதான் நிறுத்துவேன். முழுவதும் அடைக்கவில்லை, ஓரமாகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆறாம் வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் மாணவன் ஒருவன் இருக்கிறான். நான் வண்டி நிறுத்திய நாள்களில் அவன் அம்மா நாற்காலியைச் சாய்தளத்தில் திருப்ப முடியாமல், பின்பக்கமாகச் சாய்த்து மூன்று படிகளில் ஒவ்வொன்றாக இழுத்து ஏற்றியிருக்கிறார். இதை அவர் என்னிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சாருடைய வண்டியை எடுக்கச் சொல்ல அவருக்குத் தயக்கம். வகுப்பில் பாதிப் பேருக்கு இது தெரிந்திருந்தது. சாலைப் பாதுகாப்பு மன்றத்தின் பொறுப்பாசிரியர் நான்தான்.

மறுநாள் அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார்" என்றார். பரவாயில்லை என்ற அந்தச் சொல் எனக்குக் கொஞ்ச நாள் சங்கடமாகவே இருந்தது. தலைமையாசிரியரிடம் பேசி, சாய்தளத்தைச் சுற்றி மஞ்சள் பெயிண்டால் கோடு போட்டோம். நாற்காலி திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்பதை அந்த மாணவனையே திருப்பிக் காட்டச் சொல்லி, பிள்ளைகள் அளவு நாடாவால் அளந்தார்கள். நாங்கள் ஒதுக்க நினைத்திருந்த இடத்தைவிட அது அதிகமாக இருந்தது. கணக்கு ஆசிரியர் அதை வைத்து ஒரு பரப்பளவுப் பாடமே நடத்திவிட்டார்.

மூன்று வாரம் கழித்து, பள்ளியைப் பார்வையிட வந்த அலுவலக ஜீப் ஒன்று நேராக வந்து அந்த மஞ்சள் கோட்டின்மேல் நின்றது. இடைவேளை நேரம். மன்றத்துப் பிள்ளைகள் ஆறேழு பேர் ஜீப்பைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். உள்ளே அதிகாரி தலைமையாசிரியருடன் பேசிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால், நான் ஒரு நிமிடம் தயங்கினேன். பிறகு ஓட்டுநரிடம் போய், "அண்ணே, இது சாய்தளம். வண்டிய அந்த வேப்பமரத்தடியில போட்டுக்கிறீங்களா?" என்று கேட்டேன். "ரெண்டே நிமிஷம் சார், ஐயா வந்துடுவாரு" என்றார். நான் அங்கேயே நின்றேன். அவர் கோட்டைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், சாவியைத் திருப்பினார்.