கேமராவின் சுழிப்பிழை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

அறிவியல் வளர்ந்துவிட்ட இந்நாளில் டிஜிட்டல் கேமராவைத் தொடாத கை அரிது. கைப்பேசிக்குள்ளேயே அது குடியேறிவிட்டது. ஆயினும், “கேமராவை ஏன் அதன் தொடக்க நிலைக்குக் கொண்டுவர வேண்டும்? எப்படிக் கொண்டுவர வேண்டும்?” என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். சென்ற ஆண்டுவரை நானும் விழித்தவன்தான். அந்த அறியாமைக்கு நான் கொடுத்த விலையைச் சொன்னால் நண்பர்களுக்குப் பயன்படுமே என்றுதான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் என் தாய்மாமன் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் படிப்புச் செலவில் பாதி அவர் கைக்காசு. புதிதாகச் சாயமேற்றிய பழுப்புத் தோல் மாதிரிகளைப் படமெடுத்து உடனே அனுப்புமாறு வெளியூர் வணிகர் ஒருவர் கேட்டிருக்கிறார். “எங்க அக்கா பையன் சயின்ஸ் படிக்கிறான், அவனே எடுத்துடுவான்” என்று மாமா மேலாளரிடம் பெருமையோடு சொல்லிவிட்டார்.

தெருவிலுள்ள ஸ்டுடியோ நண்பரிடம் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை சென்றேன். நல்ல வெயிலில் தோல்களை விரித்துப் படமெடுத்தேன். வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை. பார்க்காமலேயே அனுப்பிவிட்டோம். திங்கட்கிழமை பதில் வந்தது: “நாங்கள் கேட்ட நிறம் இதுவன்று.” படத்தைக் கணினியில் பார்த்த மேலாளர், “என்னப்பா இது, வெட் புளூ மாதிரி இருக்குது!” என்றாராம். குரோம் உப்பில் பதனிட்டு, இன்னும் சாயமேற்றாத ஈரத்தோலுக்கு எங்கள் பக்கத்தில் வழங்கும் பெயர் அது. அது வெளிர்நீலமாக இருக்கும். நான் எடுத்த பழுப்புத் தோலும் நீலம் பூத்து, இருண்டு கிடந்தது. அந்த வேலை ஒரு வாரம் நின்றது. மாமா என்னைத் திட்டவில்லை. “நீ படிச்சவன், பாத்துதான் எடுத்திருப்பேன்னு நெனச்சேன்டா” என்றார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

மறுநாள் படங்களை எங்கள் துறைப் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, “திருகு அளவியைக் கையில் எடுத்ததும் முதலில் என்ன பார்ப்பாய்?” என்று கேட்டார். “சுழிப்பிழை, ஐயா” என்றேன். “கேமராவுக்குப் பார்த்தாயா?” என்றார். ஆய்வகத்தில் இரண்டு ஆண்டுகளாகச் செய்துவரும் காரியம் வெயிலில் நின்றபோது நினைவுக்கு வரவில்லை. விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழுந்தவன் கதைதான் என் கதை.

நடந்தது இதுதான். முன்னாள் இரவு அந்தக் கேமரா ஒரு திருமண மண்டபத்தில் இருந்தது. மண்டபத்து மஞ்சள் பல்புகளின் ஒளி ஏறத்தாழ 3000 கெல்வின் நிறவெப்பநிலை உடையது. பகல் ஒளியோ ஏறத்தாழ 5500 கெல்வின். மஞ்சளை ஈடுகட்ட நண்பர் ‘ஒயிட் பேலன்ஸ்’ என்னும் வெண்மைச் சமநிலையைப் பல்புக்கு ஏற்ப வைத்திருந்தார். அந்நிலையில் கேமரா நீலத்தைக் கூட்டிக் காட்டும். பகலில் கூட்டவேண்டிய தேவையே இல்லை. ஆதலால் படம் நீலமாயிற்று. பட்டுச்சேலைச் சரிகை மின்னாமலிருக்க ஒளியளவையும் ஒரு படி குறைத்திருந்தார். ஆதலால் படம் இருண்டது. மண்டபத்திற்கு அவர் செய்தது முற்றிலும் சரி. பிழை என்னுடையது.

மின்கலத்தைக் கழற்றி மாட்டினால் பழைய அமைப்புகள் போய்விடும் என்று சிலர் எண்ணுகின்றனர். போகா. மின்சாரம் இல்லாமலும் நினைவில் வைத்திருக்கும் சில்லில் அவை பதிந்துள்ளன.

சுழியைச் சரிபார்க்கும் பழக்கத்திற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகச் சென்றால் சவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் பயன்பாட்டுக்கு வந்தது. விண்மீன்களைப் பதிவுசெய்யப் பயன்படும் சிசிடி சில்லை 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பாயில், ஸ்மித் என்னும் இருவர் உருவாக்கினர். 2009இல் நோபல் பரிசும் பெற்றனர். 1975இல் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமராவிலும் சிசிடிதான் இருந்தது. 10,000 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய அதற்கு 23 விநாடி ஆயிற்று. சிசிடி கொண்டு வானை ஆராய்வோர், ஒளி புகாமல் மூடியபடியே சில படங்கள் எடுப்பது வழக்கம். ஒன்றுமே இல்லாதபோது கருவி என்ன எண் காட்டுகிறது என்பதை அறிந்து, விண்மீன் படத்திலிருந்து அதைக் கழித்துவிடுவர். விண்மீனுக்கு வேண்டிய இந்த எச்சரிக்கை தோலுக்கும் வேண்டுமல்லவா?

இனி, கேமராவைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் முறையைக் காண்போம்.

முதலில், இரவல் கேமராவானால் உடையவரைக் கேளுங்கள். அவர் வைத்திருக்கும் அமைப்புகளைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, நிக்கான் கேமராக்கள் பலவற்றில் பச்சைப் புள்ளியிட்ட இரண்டு பொத்தான்கள் இருக்கும். இரண்டையும் சேர்த்து இரண்டு விநாடிக்கு மேல் அழுத்தினால் முக்கிய அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பும். கேனான் கேமராக்கள் பலவற்றில் திருகுச்சாவி படமிட்ட பட்டியலில் ‘கிளியர் ஆல் கேமரா செட்டிங்ஸ்’ என்றிருக்கும். சோனியில் ‘செட்டிங் ரீசெட்’ என்பதைத் தேடுங்கள்.

மூன்றாவதாக, ‘ரீசெட்’ வேறு, ‘ஃபார்மட்’ வேறு. முன்னது அமைப்புகளை மட்டும் மாற்றும். அட்டையிலுள்ள படங்களைத் தொடாது. பின்னது படங்களையெல்லாம் துடைத்துவிடும். அவசரத்தில் இதை அழுத்தி அதை இழக்காதீர்கள்.

நான்காவதாக, கையால் திருப்பும் வட்டையும் லென்சின் பக்கத்திலுள்ள சிறு விசையையும் எந்த ரீசெட்டும் திருப்பாது. அவற்றை நாமே பார்க்க வேண்டும். தேதி, நேரம், படத்தின் தரம் ஆகியவற்றையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம்.

இறுதியாக, முதலில் ஒரு வெள்ளைத் தாளைப் படமெடுத்து நிழலில் நின்று திரையைப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாக இருந்தால் மேலே செல்லலாம்.

அடுத்த சனிக்கிழமை அதே கேமராவோடு மீண்டும் சென்றேன். நண்பரின் அமைப்புகளைக் குறித்துக்கொண்டு, பொத்தான்களை அழுத்தி, தாளைப் படமெடுத்துப் பார்த்த பிறகே தோலின் பக்கம் போனேன். மாமா கையில் தோல் துண்டை வைத்துக்கொண்டு திரையையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “இப்பதான்டா இது நம்ம தோலு” என்றார். படங்களோடு தோல் துண்டு ஒன்றையும் அஞ்சலில் அனுப்பச் சொன்னேன். ஏனெனில் பார்ப்பவரின் திரைக்கும் ஒரு சுழிப்பிழை இருக்கக்கூடும்.

நண்பர்களே! நம் கைக்கு வரும் கருவி எதுவாயினும் அதில் முன்பு பயன்படுத்தியவரின் முடிவுகள் தங்கியிருக்கும். அவை அவருக்குச் சரி. நமக்கும் சரியா என்று பார்த்துக்கொள்வது நம் கடமை. ஆய்வகத்தில் கற்ற சுழிப்பிழையை ஆய்வகத்து வாசலிலேயே விட்டுவிட்டு வராதிருப்போமாக!