வீட்டைப் பார்க்குமுன் பேட்டையைப் பாருங்கள்!

நந்தனம் சொல்லும் பாடம்

மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. கோவில்பட்டியிலிருந்து சென்னைக்கு!

இப்படி ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், வயதான தாயார். பெரியவள் 6-ம் வகுப்பு. சின்னவன் 2-ம் வகுப்பு. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் 20 நாள்தான் இருக்கிறது.

கணவர் முன்னதாகச் சென்னைக்கு வருகிறார். ஒரு தரகரைப் பிடிக்கிறார். மே மாதத்து வெயிலில் நாலு வீடு பார்க்கிறார். ஒன்று பிடித்துவிடுகிறது. பளபளவென்று தரை. பெரிய சமையலறை. வாடகையும் குறைவு.

சந்தோஷத்தோடு மனைவிக்குப் போன் செய்கிறார்.

"வீடு நல்லாத்தான் இருக்கும். மழை பெஞ்சா தெரு எப்படிங்க இருக்கும்? பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போகும்? அத்தைக்கு ராத்திரி மூச்சுத் திணறினா ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கா?"

அவரால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் வீட்டைப் பார்த்தார். பேட்டையைப் பார்க்கவில்லை!

வீட்டில் குறை இருந்தால் சரி செய்யலாம். சுவருக்கு வெள்ளை அடிக்கலாம். குழாயை மாற்றலாம். தெருவை மாற்ற முடியுமா? ஆற்றைத் தள்ளி வைக்க முடியுமா? ஆகவே, குடும்பத்தோடு குடியேறுகிறவர்கள் முதலில் பேட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகுதான் வீட்டை.

பேட்டையை எப்படிப் பார்ப்பது? நந்தனத்தை வைத்தே பார்க்கலாம்.

பெயர் வந்த கதை

சென்னை அண்ணா சாலையில் தேனாம்பேட்டைக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவில் இருக்கிறது நந்தனம். மேற்கே தியாகராய நகர். தென்கிழக்கே அடையாறு ஆறு. ஆற்றைத் தாண்டினால் கோட்டூர்புரம்.

யுத்தம் முடிந்த காலத்தில் சென்னையில் வீட்டுப் பஞ்சம் தலைவிரித்து ஆடியது. வேலை தேடி ஜனங்கள் வந்து குவிந்தார்கள். இருக்க இடம் இல்லை. இதைச் சமாளிக்க 1947-ம் ஆண்டில் நகர அபிவிருத்தி டிரஸ்ட் ஏற்பட்டது. ஆங்கிலத்தில் சுருக்கமாக "சி.ஐ.டி." என்பார்கள். சி.ஐ.டி. நகர் என்ற பெயர் இன்றும் அதை நினைவூட்டுகிறது. 1961-ல் இந்த டிரஸ்டே வீட்டு வசதி வாரியமாக மாறியது.

அந்த டிரஸ்ட் 1950-களில் உருவாக்கிய குடியிருப்புதான் நந்தனம். 1952 சித்திரையில் "நந்தன" ஆண்டு பிறந்தது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் ராஜாஜி. ஆண்டின் பெயரையே புதுக் குடியிருப்புக்கும் அவர் சூட்டினார். நந்தனம் என்றால் பூந்தோட்டம் என்றும் பொருள் உண்டு. பொருத்தமான பெயர்தான்!

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. இப்படித் திட்டமிட்டு அமைத்த குடியிருப்பில் முதலில் தெரு. பிறகு வீடு. எது சாலை, எது மனை, எது பூங்கா என்று கோடு போட்ட பிறகுதான் அஸ்திவாரம் தோண்டுவார்கள்.

இன்று நகரத்தைச் சுற்றிலும் பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. முதலில் வீடு வருகிறது. பிறகு தெரு வருகிறது. அதன் பிறகு சாக்கடை வருகிறது. வராமலும் போகிறது! நீங்கள் பார்க்கும் இடம் இதில் எந்த வகை? தரகரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

கோடையில் மழையைப் பார்ப்பது எப்படி?

மாற்றல் பெரும்பாலும் கோடையில் வருகிறது. சென்னையில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. மே மாதத்தில் எல்லாத் தெருவும் காய்ந்துதான் கிடக்கும். அப்படியானால் மழைக்காலத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

வழி இருக்கிறது. முதலில் பெயரைப் பாருங்கள்.

மேற்கு மாம்பலத்தில் "லேக் வியூ ரோடு" என்று ஒரு தெரு. ஏரியைப் பார்த்த சாலை என்று அர்த்தம். நுங்கம்பாக்கத்தில் "டேங்க் பண்ட் ரோடு" இருக்கிறது. ஏரிக்கரைச் சாலை என்று அர்த்தம். ஏரி எங்கே? இன்று தேடினாலும் கிடைக்காது!

ஒரு காலத்தில் நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை ஒரு நீண்ட ஏரி கிடந்தது. 1920-களில் அதை வற்ற வைத்து அந்த இடத்தில் ஒரு நகரை உண்டாக்கினார்கள். அதுதான் தியாகராய நகர். நீதிக் கட்சித் தலைவர் சர் பி. தியாகராயச் செட்டியாரின் பெயரைத் தாங்கிய நகர். அதன் நடுவே பனகல் பூங்கா.

ஏரி போய்விட்டது. தண்ணீர் போகுமா? அது பழைய வீட்டை மறப்பதில்லை. மேட்டில் பெய்த மழை பள்ளத்துக்குத்தான் வரும். தியாகராய நகரிலிருந்து மாம்பலம் கால்வாய் நந்தனம் வழியாக ஓடி அடையாற்றில் கலக்கிறது. கால்வாய் அடைத்துக் கொண்டால் தண்ணீர் தெருவில் நிற்கும். 2021 நவம்பர் மழையில் தியாகராய நகர்த் தெருக்களில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆற்றங்கரையோ இன்னும் ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டிய இடம். 2015 டிசம்பர் 1-ந் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. வழியில் பெய்த மழையும் சேர்ந்துகொள்ள, அடையாறு பொங்கியது. ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் வெள்ளக்காடு. சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலத்தில் போக்குவரத்து நின்றது. படுக்கையிலிருந்து எழுந்து காலைக் கீழே வைத்தவர்கள் தண்ணீரில் வைத்தார்கள். பள்ளிக்கூடச் சான்றிதழ், கல்யாணப் போட்டோ, ரேஷன் கார்டு எல்லாம் மிதந்தன.

ஆகவே நந்தனம் என்ற பெயரை மட்டும் கேட்டுவிட்டுச் சம்மதிக்கக் கூடாது. நந்தனத்தில் எந்தத் தெரு? கால்வாய்க்கு எவ்வளவு தூரம்? ஆற்றுக்கு எவ்வளவு தூரம்? ஒரே பேட்டையில் ஒரு தெரு நனையும். அடுத்த தெரு நனையாது.

அடுத்து, வாசற்படியைப் பாருங்கள். சென்னையில் தார் போடப் போடச் சாலை உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. பழைய வீடுகள் பள்ளத்தில் நிற்கின்றன. சாலையிலிருந்து வீட்டுக்குப் படி ஏறுகிறீர்களா, இறங்குகிறீர்களா? இறங்கினால் மழையும் உங்களோடு இறங்கும்!

மூன்றாவது, சுவரைப் பாருங்கள். பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவரில் இடுப்பு உயரத்தில் பழுப்புக் கோடு தெரிகிறதா? அது வெள்ளம் போட்டுவிட்டுப் போன கையெழுத்து.

நான்காவது, தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம் பேசுங்கள். பால் போடுகிறவரிடம் பேசுங்கள். தரகருக்குக் கமிஷன் உண்டு. இவர்களுக்கு இல்லை. "போன மழையில் தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேட்டால் கையை வைத்தே காட்டிவிடுவார்கள்.

குடிக்கிற தண்ணீர்

மழைத் தண்ணீர் வேண்டாம் என்றாலும் வரும். குடிக்கிற தண்ணீரோ வேண்டும் என்றாலும் வராது!

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் அநேகமாக வறண்டுவிட்டன. சென்னை ஜனங்கள் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் அதை எழுதின.

ஆகவே குழாயைத் திறந்து பாருங்கள். குடிநீர் வாரியத்துத் தண்ணீரா, ஆழ்குழாய்த் தண்ணீரா? எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது? கோடையில் லாரி வாங்குவார்களா? அந்தச் செலவு யார் தலையில்? மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டி வேலை செய்கிறதா? 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் அது கட்டாயம். பல வீடுகளில் பெயருக்கு ஒரு குழாய் மட்டும் தொங்குகிறது.

காலை 8 மணிக்கு நடந்து பாருங்கள்

பகல் 12 மணிக்கு எல்லாத் தெருவும் அமைதியாகத்தான் இருக்கும். காலை 8 மணிக்குப் போய்ப் பாருங்கள். உங்கள் குழந்தை போகவேண்டிய வழியில் நீங்களே ஒரு முறை நடந்து பாருங்கள்.

நந்தனத்தில் போக்குவரத்துக்குக் குறைவில்லை. அண்ணா சாலையில் பஸ் உண்டு. 2018 மே மாதம் முதல் மெட்ரோ ரயிலும் உண்டு. ஒரே ரயிலில் சென்ட்ரலுக்கும் போகலாம். விமான நிலையத்துக்கும் போகலாம். சைதாப்பேட்டையில் மின்சார ரயில் இருக்கிறது. பெரிய பிள்ளைகளுக்கு நந்தனம் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. 1920-ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியும் இங்கேதான். அதன் மைதானத்தில் சில ஆண்டுகளாகப் புத்தகக் கண்காட்சி நடக்கிறது. கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. படிக்கிற பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் அதே அண்ணா சாலை ஒரு ஆறு மாதிரி. வண்டிகள் வெள்ளமாய் ஓடுகின்றன. வீடு சாலைக்கு இந்தப் பக்கமும் பள்ளிக்கூடம் அந்தப் பக்கமும் இருந்தால், 2-ம் வகுப்புப் பையன் தினமும் இரண்டு முறை அந்த ஆற்றைக் கடக்க வேண்டும். வீடும் பள்ளிக்கூடமும் ஒரே பக்கம் இருந்தால் தாய்க்குப் பாதிக் கவலை குறையும்.

வாடகை மட்டும் கணக்கு அல்ல

"நந்தனத்தில் வாடகை கொடுக்க எங்களால் ஆகுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் வீட்டுப் பஞ்சத்தைத் தீர்க்க ஏற்பட்ட இடம், இன்று சாமானிய மனிதன் எட்டிப் பிடிக்க முடியாத விலைக்குப் போய்விட்டது.

ஆனாலும் வாடகையை மட்டும் பார்த்து வெகுதூரம் ஓடிவிடாதீர்கள். ஒரு கணக்குப் போடுவோம்.

தூரத்துப் புறநகரில் வாடகை 14 ஆயிரம் என்று வைத்துக் கொள்வோம். போக வரச் செலவு 4 ஆயிரம். பள்ளிக்கூட வேன் 2,500. தண்ணீருக்கு 1,500. ஆக 22 ஆயிரம்.

சைதாப்பேட்டை போன்ற பக்கத்துப் பேட்டையில் ஒரு சிறிய போர்ஷன் 20 ஆயிரம் என்று வைத்துக் கொள்வோம். போக வர ஆயிரம். குழந்தைகள் நடந்து போகிறார்கள். தண்ணீருக்கு 500. ஆக 21,500.

இது உதாரணம்தான். உங்கள் கணக்கை நீங்களே எழுதிப் பாருங்கள். தூரத்து வீடே மலிவாகவும் வரலாம். ஆனால் நேரத்தையும் அதில் சேருங்கள். தினம் 2 மணி நேரம் கூடுதலாகப் பயணம் செய்தால் மாதம் 25 நாளில் 50 மணி நேரம். முழுசாக இரண்டு நாளுக்கும் மேலே! அந்த இரண்டு நாளும் குழந்தைகளுக்குச் சேர வேண்டியவை.

எழுத்தில் வாங்குங்கள்

பேட்டை பிடித்துவிட்டது. வீடும் பிடித்துவிட்டது. முன்பணம் எவ்வளவு?

பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது சென்னையில் நெடுநாள் வழக்கம். 2017-ம் ஆண்டு இயற்றி, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைதான் அளவு என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் அதற்கும் இடம் உண்டு. ஆகவே கையெழுத்துப் போடுமுன் பேசுங்கள். போட்ட பிறகு பேசிப் பயன் இல்லை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது.

"நீங்கள் என்ன ஆட்கள்? கவிச்சி சாப்பிடுவீர்களா?" என்று முதல் கேள்வியாகக் கேட்கிற வீட்டுக்காரர்களும் பட்டணத்தில் உண்டு. அந்த வாசலில் மனம் நொந்து நிற்க வேண்டாம். மனிதனை மனிதனாகப் பார்க்கிற அக்கம்பக்கமும் நல்ல பேட்டைக்கு ஓர் அடையாளம்.

அளவுகோல்

எல்லோரும் நந்தனத்தில் குடியேற முடியாது. குடியேறவும் வேண்டாம். தாம்பரமோ, பெரம்பூரோ, அம்பத்தூரோ, எந்தப் பேட்டையானாலும் இதே கேள்விகள்தான். முதலில் தெருவா, வீடா? மழை எங்கே போகிறது? குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது? குழந்தை எந்த வழியில் நடக்கிறது? நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிஷம்?

கோவில்பட்டிக் குடும்பத்துக்கு வருவோம். மனைவியும் ரயில் ஏறி வருகிறாள். இரண்டு பேருமாகக் காலை 8 மணிக்கு அந்தப் பளபளப்பான வீட்டுத் தெருவில் நடக்கிறார்கள். இஸ்திரி வண்டிக்காரரிடம் அவள் கேட்கிறாள்:

"அண்ணே, மழைக்காலத்துல இங்க எப்படி?"

அவர் பெட்டியைக் கீழே வைக்கிறார். கையைத் தன் மார்பு வரை உயர்த்திக் காட்டுகிறார்.

அவள் கணவனைப் பார்க்கிறாள். அவர் தரகருக்குப் போன் செய்கிறார்:

"வேறே பேட்டையில காட்டுங்க. வீடு சின்னதா இருந்தாலும் பரவாயில்லை."