இரும்புக்கை மாயாவியும் இரண்டு பின்களும்

1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழில் வந்தவர் இரும்புக்கை மாயாவி. 1984இல் அதே குடும்பத்திலிருந்து லயன் காமிக்ஸ் வந்தது. அந்தப் பழைய இதழ்களை அட்டை விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து வாங்க இன்றும் ஆள் இருக்கிறது. வாங்குகிறவர் கண் முதலில் போவது முதுகில் அடித்த பின்கள்மேல். சுற்றிலும் பழுப்புக் கறை தெரிந்தால் விலை சரிந்துவிடும்.

கறை வெறும் அழுக்கு அல்ல. பின்னின் துருவிலிருந்து தாளுக்குள் இறங்கும் இரும்பு, செல்லுலோஸ் இழைகள் அறுபடுவதை விரைவுபடுத்துகிறது. தாளுக்கு உள்ளேயும் பகை உண்டு. மலிவுத் தாளில் மரத்தின் லிக்னின் அப்படியே தங்கியிருக்கும். வெளிச்சமும் ஆக்சிஜனும் பட்டு அது மஞ்சளிக்கும், அமிலமும் ஊறும். துருவுக்கும் அமிலத்துக்கும் கைகொடுப்பது காற்றிலுள்ள ஈரம்.

ஈரத்தின் கணக்கு வியப்பானது. 30 டிகிரி வெப்பத்தில் 70 சதவீத ஈரப்பதம் நமக்குச் சாதாரண நாள். அதே காற்று இரவில் 24 டிகிரிக்குக் குளிர்ந்தால் போதும், ஈரப்பதம் 100 சதவீதத்தைத் தொட்டுவிடும். ஒரு சொட்டுக்கூட வெளியிலிருந்து வராமலே தகரக் கூரையின் அடியில் நீர் துளிர்க்கும்.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு இது தினசரிப் பிரச்சினை. இரும்பு உதிரிபாகங்களை அவர்கள் துருத்தடுப்பு உறையில் சுற்றி, சிலிக்கா ஜெல் போட்டு, தரையில் படாமல் பேலட் மேல் ஏற்றுகிறார்கள். அங்கேயே வீட்டில் ஓர் அறை நிறைய காமிக்ஸ் வைத்து விற்கிறவரும் அந்த வழக்கத்தைக் கைக்கொள்ளலாம்: பெட்டிகள் தரையையும் வெளிச்சுவரையும் தொடக் கூடாது, இதழ்கள் அமிலமற்ற அட்டைத் துணையோடு நிமிர்ந்து நிற்க வேண்டும், உறை பாலிப்ரொப்பிலீனாக இருக்கட்டும். பிவிசி உறை நாளடைவில் தானே அமிலம் கக்கும்.

தொழிற்சாலையிடம் கற்க வேண்டியதில் எனக்கு ஆகப் பெரியதாகத் தோன்றுவது முகவரி. எந்த ரேக், எந்தத் தட்டு, எந்தப் பெட்டி என்று ஒவ்வோர் இதழுக்கும் பதிவேட்டில் ஓர் எண். ஒரு மாயாவி கதையைக் கேட்டு ஆள் வந்ததும் பத்துப் பெட்டியைக் கிளறினால் பத்துப் பெட்டிக்குள்ளும் மழைக்காற்று நுழையும், விரல் வியர்வை படும். முகவரி இருந்தால் ஒரே பெட்டி திறக்கும். அடுக்கி வைப்பதை விற்பனை வசதி என்று மட்டும் நினைக்கிறோம். தாளின் ஆயுளும் அதில்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் டென்வர் நகரில் எட்கர் சர்ச் என்பவர் வீட்டில் நெருக்கமாக அடுக்கி வைத்திருந்த பல்லாயிரம் காமிக்ஸ் 1977இல் விற்பனைக்கு வந்தபோது, நாற்பதாண்டுப் பழைய தாள்கூட வெள்ளையாக இருந்தது. அந்த ஊரின் வறண்ட மலைக்காற்றுக்கும், புரட்டப்படாமல் கிடந்த அடுக்குகளுக்கும் அதில் பங்குண்டு. சிவகாசியில் அச்சுத்தொழில் செழித்ததும் வறட்சியால்தான். ஒரகடத்தில் அந்த வறட்சியைப் பெட்டிக்குள் நாமே உண்டாக்க வேண்டும். பெட்டிக்குள் போட்ட நீல சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துத் தீர்ந்தது என்று பொருள். ஐப்பசி, கார்த்திகையில் அதை அடிக்கடி பார்த்து மாற்றியாக வேண்டும்.