மைதானமும் மேசையும்: விளையாட்டு நிர்வாகத்தில் சமத்துவம்

வவுனியாவில் நான் படிப்பிக்கும் பாடசாலையில் வலைப்பந்தாட்டம் நன்றாக ஆடும் ஒரு பிள்ளை இருந்தாள். சில வருடங்களுக்கு முன் வெளியூர்ப் போட்டியொன்றுக்கு அணியைக் கூட்டிப்போனோம். அவளுடைய நீளக் காற்சட்டையும் தலைச்சீலையும் உடை விதிக்குச் சரிவராது என்றார் ஏற்பாட்டாளர்.

"எந்த விதி, சேர்?" என்று கேட்டேன்.

"எப்பவும் இப்பிடித்தானே," என்றார். எழுத்தில் ஒன்றும் இருக்கவில்லை. பிள்ளை கோட்டுக்கு வெளியே இருந்து ஆட்டத்தைப் பார்த்தாள். அடுத்த வருடம் பயிற்சிக்கே வரவில்லை.

அவர் கெட்ட மனிதரல்லர். போட்டியைத் திட்டமிட்ட கூட்டத்தில், இப்படியொரு பிள்ளையும் வருவாள் என்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை, அவ்வளவுதான். விளையாட்டு நிர்வாகம் பற்றி இன்று பேசப்படும் சமத்துவம், பன்மைத்துவம், உள்வாங்கல் ஆகிய மூன்று சொற்களையும் இங்கிருந்துதான் விளங்கிக்கொள்ள வேண்டும்.

இனம், மதம், பால், உடற்குறை என்பன ஒருவருடைய வாய்ப்பைப் பறிக்காதிருப்பது சமத்துவம். பலவகை மனிதரும் அமைப்புக்குள் இருப்பது பன்மைத்துவம். இருப்பவருடைய சொல் முடிவெடுக்கும்போது எடுபடுவது உள்வாங்கல். உதைபந்தாட்ட அணியில் மூன்று முஸ்லிம் பிள்ளைகள் ஆடினால் அது பன்மைத்துவம். ஆட்டம் வெள்ளி நண்பகலில் விழும்போது "ஜும்ஆ இருக்கே" என்று ஒருவர் சொல்லி, நேரம் மாறினால் அது உள்வாங்கல்.

உலக அரங்கிலும் இதைக் கண்டோம். 2011 ஜூனில், லண்டன் ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்காக ஈரான் பெண்கள் உதைபந்தாட்ட அணி ஜோர்தானின் அம்மான் நகருக்குப் போயிருந்தது. தலைமறைப்பு ஃபீஃபா விதிக்கு முரண் என்று அவர்களை ஆடவிடவில்லை. கழுத்துக்கு ஆபத்து என்பதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அதே வருட ஆரம்பத்தில் ஆசியாவின் சார்பில் ஃபீஃபா உபதலைவராகத் தெரிவான ஜோர்தான் இளவரசர் அலி பின் ஹுஸைன், விடயத்தை உள்ளேயிருந்தே எடுத்துப் பேசினார். 2012இல் பரீட்சார்த்தமாகவும் 2014 மார்ச்சில் நிரந்தரமாகவும் அனுமதி கிடைத்தது. 2023இல் மொரோக்கோவின் நுஹைலா பென்ஸினா பெண்கள் உலகக் கிண்ணத்தில் ஹிஜாபோடு ஆடினார். அம்மானில் நின்ற பிள்ளைகளின் கண்ணீர் மட்டும் விதியை மாற்றவில்லை. மேசையில் அவர்களுக்காகப் பேச ஒரு கதிரை இருந்தது.

2016 சீர்திருத்தத்தின்படி ஃபீஃபா சபைக்கு ஒவ்வொரு கண்டத்துச் சம்மேளனமும் ஒரு பெண்ணையாவது தெரிவுசெய்ய வேண்டும். சர்வதேச ஒலிம்பிக் குழு நிர்வாகத்தில் பெண்களுக்கு 30 சதவீதம் என்ற இலக்கை வைத்தது.

இலங்கையில் 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ் தேசிய சங்கங்கள் பதியப்படுகின்றன. உதைபந்தாட்டத்தில் கழகங்கள் சேர்ந்து லீக். லீக்குகள் சேர்ந்து தேசிய சம்மேளனம். கீழே பதியப்பட்ட கழகம் இல்லாத ஊருக்கு மேலே குரல் இல்லை.

வன்னியில் இது பெரிய விடயம். 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவு, கிளிநொச்சி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது ஊரோடு ஊரின் விளையாட்டும் கலைந்தது. யுத்தம் முடிந்தபின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டிப் பக்கம் திரும்பியவர்களுக்கு வீடும் காணியும்தான் முதற்கவலை. கழகம், பதிவு, பொதுக்கூட்டம் எல்லாம் பிறகுதான். இருபது வருடம் இல்லாதவனுக்காக எந்தக் கதிரையும் காத்திருக்காது. நாமே போய்க் கேட்க வேண்டும்.

கேட்கப் போகுமுன் நம் வீட்டையும் பார்ப்போம். நமது ஊர்க் கழகங்களின் நிர்வாகத்தில் எத்தனை பெண்கள்? நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப்போட்டி ஓடிய செய்தி அபூதாவூதில் இருக்கிறது. நாமோ பெண்பிள்ளைக்கு மறைவான ஒரு மைதானத்தைக்கூட ஒதுக்காமல், அவளுக்கு விளையாட்டில் விருப்பமில்லை என்கிறோம். யுத்தத்தில் கால் இழந்த அயலவர் நம் மைதானத்துக்குள் வர ஒரு சாய்தளம் உண்டா?

செய்யக்கூடியவை சிறியவை. அட்டவணை போடுமுன் ஜும்ஆ, நோன்பு, பொங்கல், பெரிய வெள்ளி, போயா எல்லாவற்றையும் ஒரு நாட்காட்டியில் குறிக்கலாம். உடை விதியை எழுத்தில் வைத்து, முழுக்கை, நீளக் காற்சட்டை, தலைச்சீலைக்கு அதில் இடம் கொடுக்கலாம். நிர்வாகத்தில் பெண்களுக்கு இரண்டு கதிரைகளை யாப்பிலேயே எழுதலாம். முறைப்பாட்டை யாரிடம் சொல்வது என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்.

அன்று எழுத்திலுள்ள விதியைக் காட்டு என்று நான் விடாமல் நின்றிருந்தால் அந்தப் பிள்ளை ஆடியிருப்பாளோ, தெரியாது. அதன்பிறகு எந்தத் திட்டமிடல் கூட்டத்துக்கும் நான் போகாமல் விட்டதில்லை.