பாட்டுக்குள் ஒரு மண்டபம்

பத்துக்குப் பத்து அறையில் அமர்ந்து கம்ப்யூட்டரில் பாட்டு கேட்கிறீர்கள். ஆனால் பாடுபவர் ஏதோ பெரிய மண்டபத்தில் நின்று பாடுவது போல் இருக்கிறது. அந்த மண்டபம் எங்கிருந்து வந்தது?

ஒலி ஒரு விநாடியில் சுமார் 340 மீட்டர் செல்லும். 17 மீட்டர் தள்ளி உள்ள சுவரில் பட்டுத் திரும்ப 0.1 விநாடி ஆகும். திண்டுக்கல் மலைக்கோட்டையின் கல் அறைக்குள் கை தட்டிப் பாருங்கள். ஓசை சற்று நேரம் நீடித்து அடங்கும். வேடசந்தூர் பக்கம் அறுவடை முடிந்த வயலில் தட்டினால் உடனே அடங்கிவிடும். சுவர்களில் பட்டுப் பட்டு வரும் இந்த ஓசைக்கு ரிவெர்ப் என்று பெயர். கண்ணை மூடிக் கொண்டாலும் இடம் பெரியதா, சிறியதா என நாம் அறிவது இதனால்தான்.

ஸ்டுடியோக்களில் சுவர்கள் ஒலியை உறிஞ்சும் வகையில் அமைக்கப்படுவதால், ரிவெர்ப் பின்னர் செயற்கையாகச் சேர்க்கப்படுகிறது. 1957இல் ஜெர்மனியின் இ.எம்.டி. நிறுவனம், தொங்கவிட்ட பெரிய எஃகுத் தகட்டை அதிரச் செய்து இதனை உருவாக்கும் கருவியைத் தந்தது. 1976இல் அதன் டிஜிட்டல் கருவி வந்தது. இன்று உங்கள் கம்ப்யூட்டரே இதைச் செய்துவிடும்.

ஆடாசிட்டி என்ற புரோகிராம் இலவசமாகக் கிடைக்கிறது. பாட்டியின் தாலாட்டை மைக்கில் பதிவு செய்திருந்தால், அந்தப் பைலைத் திறந்து, எபெக்ட் மெனுவில் ரிவெர்ப் தேர்ந்தெடுக்கவும். பாத்ரூம், சர்ச் ஹால், கதீட்ரல் என ஆயத்த அமைப்புகள் இருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் காது எந்த இடத்திற்கும் விரைவில் பழகிவிடும். ஒரு அறையின் எதிரொலியைச் சிறிது நேரம் கேட்டவருக்கு, அங்கே பேசுவது முன்பைவிட நன்றாகப் புரிகிறது என ஆய்வுகள் காட்டியுள்ளன. மூளை அந்த எதிரொலியை ஒதுக்கிவிடுகிறது. செயற்கை மண்டபத்திற்கும் இது பொருந்தும். கேட்கக் கேட்க ரிவெர்ப் குறைவாகத் தோன்றும். நீங்களும் கூட்டிக் கொண்டே போவீர்கள். மறுநாள் கேட்டால் பாட்டியின் சொற்கள் குழம்பிக் கிடக்கும். சேவ் செய்த எம்பி3 பைலிலிருந்து ரிவெர்ப்பை முழுமையாகப் பிரித்தெடுக்க முடியாது.

எனவே முதலில் ஒரிஜினல் பைலை வேறு பெயரில் காப்பி எடுத்து வைக்கவும். ரிவெர்ப் சேர்த்தபின் கண்ட்ரோல் + இசட் அழுத்தி, பழைய ஒலியுடன் ஒப்பிடவும். பத்து நிமிடம் காதுக்கு ஓய்வு தந்து மீண்டும் கேட்கவும். அப்போது முதல் சில விநாடிகளில் என்ன தோன்றுகிறதோ, அதையே நம்புங்கள்.