மூன்று வயதுவரை தாங்கும் உடுப்பு: விற்பவர் கவனத்துக்கு

மன்னாரில் புடவைக்கடை வைத்திருப்பவருக்கு ஆண்டில் நாலைந்து அறுவடைகள் உண்டு. நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், ஆகஸ்ட் 15 மடுத் திருவிழா, தீபாவளி, நத்தார். இந்த நாட்களில் தட்டாமல் விலைப்படும் சரக்கு சின்னப் பிள்ளைகளின் உடுப்புத்தான். தாய் தகப்பன் தமக்கு எடுக்காவிட்டாலும் பிள்ளைக்கு எடுப்பார்கள். அதனாலேயோ என்னவோ, இந்தச் சரக்கில் நாம் கொஞ்சம் அலட்சியமாக இருந்துவிடுகிறோம். பளபளவென்று எதைத் தொங்கவிட்டாலும் போய்விடும் என்ற நினைப்பு. எனக்கும் அந்த நினைப்பு இருந்தது.

அதை மாற்றியவர் தோட்டவெளியைச் சேர்ந்த ஒரு தாய். 2022ஆம் ஆண்டை வியாபாரிகள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மார்ச் மாத ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். அந்த வருட நத்தாருக்கு அவர் ஒன்றரை வயது மகளுக்கு என்னிடம் ஒரு சட்டை எடுத்தார். நெட் துணி, மணி, முதுகில் சிப் எல்லாம் வைத்த சட்டை. காசை இரண்டு தடவையாகத் தந்தார். ஜனவரியில் அதைப் பையில் போட்டுக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

“நானா, இது பிள்ளைக்குத் தைச்சதா, போட்டோவுக்குத் தைச்சதா?”

இரண்டே கழுவல். நெட் கிழிந்து, மணிகள் பாதி உதிர்ந்து, உள் துணி சுருங்கி மேல் துணியை இழுத்துக்கொண்டிருந்தது. மாற்றிக் கொடுக்கலாமென்று அலுமாரியைத் திறந்தால் அங்கே இருந்ததும் அதே சரக்குத்தான். காசைத் திருப்பிக் கொடுத்தேன். ஈரமான தானியத்தை அடியில் வைத்து நல்லதை மேலே பரப்பியிருந்த வியாபாரியிடம் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்த சம்பவத்தை ஜும்ஆக்களில் எத்தனை தடவை கேட்டிருப்போம். பொலித்தீன் உறைக்குள் மடித்து வைத்த சட்டையும் அப்படி ஒரு குவியல்தானே என்று அன்றுதான் எனக்குப் பட்டது.

அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன். ஒன்று முதல் மூன்று வயதுவரையான பிள்ளைக்கு, குறைந்த செலவில், நீண்ட நாள் தாங்கும் உடுப்புத் தொகுதி ஒன்றை அமைத்துக் கொடுக்க முடியுமா? முடியும். அதில் கடைக்காரனுக்கும் இலாபம் உண்டு. ஆனால் முதலில் பிள்ளை எப்படி வளர்கிறது என்பதை விற்பவர் தெரிந்திருக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா, ஓமான் உட்பட ஆறு நாடுகளின் பிள்ளைகளை அளந்து 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைப்படி, ஓர் ஆண் பிள்ளையின் நடுத்தர உயரம் ஒரு வயதில் 76 சென்டிமீட்டர், இரண்டில் 87, மூன்றில் 96. பெண் பிள்ளை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறைவு. அதாவது இரண்டு வருடத்தில் 20 சென்டிமீட்டர், ஏறக்குறைய 8 அங்குலம் உயர்கிறது. அதில் பெரும்பகுதி காலில்தான். தலைச் சுற்றோ 46 சென்டிமீட்டரில் இருந்து 49½ வரைதான் போகிறது. ஒரு வயதில் மார்புச் சுற்றும் தலைச் சுற்றும் கிட்டத்தட்ட ஒரே அளவு; பிறகு மார்பு சற்று முந்தும், அதுவும் மெதுவாகத்தான்.

நமது வியாபாரத்துக்கு இந்த இலக்கங்கள் சொல்வது இதுதான்: இந்த வயதில் உடுப்பு அகலத்தால் சிறுப்பதைவிட நீளத்தால் சிறுப்பதே அதிகம். அப்படியிருக்க நாம் என்ன செய்கிறோம்? “வளர்ற பிள்ளைதானே, ரெண்டு சைஸ் பெரிசா எடுங்க” என்று சொல்லி, தோளில் இருந்து வழுகும், கால் தடுக்கும் உடுப்பைக் கொடுத்து அனுப்புகிறோம். பிள்ளை அதைப் போட்டு இழுபட்டு, அளவு சரியாக வரும்போது உடுப்பு கந்தலாகிவிடுகிறது. தோளும் மார்பும் இன்றைக்குப் பொருந்த வேண்டும். நீளம் மட்டும் உள்ளே மடிந்து காத்திருக்க வேண்டும்.

இது புது வித்தை அல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னார்த் தீவில் இருந்து நாங்களும் வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போனோம். தங்கச்சிக்கு அப்போது இரண்டு வயது. உம்மா அவளுக்குத் தைத்த பூப்போட்ட கொட்டன் சட்டையின் கீழ்ப்பக்கம் மூன்று மடிப்புகள் இருந்தன. புத்தளம் முகாமில் இருந்த காலத்தில் வருடத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரித்து இறக்கினா. பழைய மடிப்பு இருந்த இடத்தில் வெளிறாத கோடு ஒன்று தெரியும். அதன் மேல் ஒரு நாடாவை வைத்துத் தைத்துவிடுவா. ஐந்து வயதுவரை அவளுடைய நல்ல சட்டை அதுதான். லண்டனில் விமானப் பொறியியல் படித்த ரயான் மரியோ யாசின் என்பவர், பிள்ளை வளர வளர விரியும் மடிப்பு உடுப்பை உருவாக்கி 2017இல் ஜேம்ஸ் டைசன் விருதின் பிரித்தானியத் தேசியப் பரிசைப் பெற்றார். அந்தத் துணியின் நுட்பம் வேறு, விலையும் வேறு. யோசனை மட்டும் உம்மாவின் யோசனைதான்.

தோட்டவெளியில் வீட்டில் இருந்து தைக்கும் ஓர் அக்காவிடம் இதைக் கொண்டுபோனேன். அவர் சொன்ன முதல் வார்த்தை, “துணியைத் தைக்க முந்தித் தோய்க்க வேணும்.” கொட்டன் துணி சுருங்கும். எவ்வளவு என்று அறிய எளிய வழி உண்டு. துணியில் 10 அங்குலச் சதுரம் ஒன்றைப் பேனையால் குறித்து, மூன்று தரம் கழுவிக் காயவைத்து அளந்து பாருங்கள். 9½ அங்குலம் வந்தால் சுருக்கம் 5 வீதம். 16 அங்குல நீளச் சட்டையில் அது முக்கால் அங்குலத்துக்கும் மேல். மொத்தக் கடையில் பேல் எடுக்குமுன் ஒரு துண்டை வாங்கி வந்து இப்படிச் சோதித்தால் பிறகு மேசையில் வந்து விழும் சட்டைகள் குறையும்.

பெனியன் துணியில் சதுர மீட்டருக்கு 160 முதல் 180 கிராம் உள்ளது பிள்ளை உடுப்புக்கு நல்லது. அதற்குக் குறைந்தால் வெளிச்சத்தில் பிடிக்கும்போது கை தெரியும். கழுத்துப் பட்டியை இழுத்துவிட்டுப் பாருங்கள்; பழைய அளவுக்குத் திரும்பாவிட்டால் ஒரு மாதத்தில் தொங்கிவிடும். அந்தக் கழுத்து விரித்தால் 20 அங்குலமாவது வர வேண்டும், ஏனென்றால் தலை அதற்குள்ளால்தான் போகிறது. கழுத்தருகே கிழிந்து வரும் உடுப்புகளில் பெரும்பாலானவை நோவோடு தலையில் இழுக்கப்பட்டவை. தோளில் இரண்டு பிரஸ் பட்டன் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மெல்லிய துணியில் நேரடியாக அடித்த பட்டன் துணியோடு பிய்ந்து வரும். பின்னால் ஒரு நாடா வைத்து அடித்திருக்கிறதா என்று திருப்பிப் பார்க்க வேண்டும்.

காற்சட்டையில் முதலில் சாவது இலாஸ்டிக். அதைத் துணியோடு சேர்த்து ஓவர்லொக் அடித்திருந்தால் உடுப்பே முடிந்தது. தனி உறைக்குள் விட்டு, பின்பக்கம் ஓர் அங்குலம் திறப்பு விட்டிருந்தால் ஊக்கில் கோத்துப் புதிதை இழுத்துவிடலாம். முழங்காலில் இரட்டைத் துணி, கவட்டில் இரட்டைத் தையல், அடியில் உள்ளே மடித்த 3 அங்குலம். கைக்கு, தோளில் தையல் விழாமல் கழுத்தில் இருந்தே சரிந்து இறங்கும் வெட்டு நல்லது; தோள் அகன்றாலும் பிடிக்காது. இவ்வளவையும் கேட்டுவிட்டு அக்கா கூலியைக் கொஞ்சம் கூட்டித்தான் கேட்டார். நியாயமான கூலிதான்.

ஒரு விடயத்தில் விட்டுக்கொடுப்பு வேண்டாம். கழுத்தில் கட்டும் கயிறு, தொப்பியில் இழுக்கும் நாடா, பல்லால் கடித்தால் கழன்று வரும் மணி. கழுத்து நாடா சிக்கிப் பிள்ளைகள் இறந்த காரணத்தால் அமெரிக்காவில் 1996இல் இதற்கு வழிகாட்டல் வந்தது. ஐரோப்பிய நியமமும் சிறுபிள்ளைகளின் உடுப்பில் தலை, கழுத்துப் பகுதிக் கயிறுகளை விலக்குகிறது. நம் நாட்டு ஏற்றுமதித் தொழிற்சாலைகள் அந்நாடுகளுக்குத் தைக்கும்போது இதையெல்லாம் பார்த்துத்தான் தைக்கின்றன. அங்கே எஞ்சி, லேபல் வெட்டப்பட்டுப் புறக்கோட்டைக்கு வரும் உடுப்புகளில் நல்ல சரக்கு கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அவற்றில் 80, 86, 92, 98 என்று இலக்கம் இருந்தால் அது பிள்ளையின் உயரம், சென்டிமீட்டரில். “18 - 24 மாதம்” என்பது தைப்பவருக்குத் தைப்பவர் மாறும், உயரம் மாறாது. கடைக் கதவு நிலையில் ஓர் அளவு நாடாவை ஒட்டிவிட்டேன். பிள்ளைகள் ஓடிவந்து தாமாகவே நிற்கிறார்கள்.

ஒரு பிள்ளைக்கு எத்தனை உடுப்பு போதும்? இந்தக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். எங்கள் பக்கம் மணல், வியர்வை, உப்புக் காற்று. பிள்ளைக்கு நாளுக்கு மூன்று தரமாவது மாற்ற வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் கழுவும் வீட்டுக்கு மேலுடுப்பு ஆறு. வாடைக் காலத்து மழையில் கொடியில் காயாது, அதற்கு மேலும் இரண்டு. கட்டைக் காற்சட்டை ஆறு. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, ஆகவே மெல்லிய நீளக் காற்சட்டை மூன்று. வெளியே போட நல்ல உடுப்பு இரண்டு, அவையும் வீட்டில் கழுவக் கூடியவையாக. இவ்வளவுதான். நிறங்களை ஒன்றோடொன்று சேரும்படி எடுத்தால் எந்த மேலுடுப்புக்கும் எந்தக் காற்சட்டையும் போகும். வெள்ளையைத் தவிருங்கள்; கிணற்றுத் தண்ணீரில் பழுப்பேறும். சவர்த் தண்ணீரில் சவுக்காரம் நுரைக்காது என்று மேலும் மேலும் போட்டுக் கல்லில் அடிப்பார்கள். பல உடுப்புகள் பிள்ளை போட்டுத் தேய்வதைவிடக் கல்லில்தான் தேய்கின்றன. ஊறவைத்துக் கசக்கி, உட்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் போடச் சொல்லுங்கள்.

இனி வியாபாரம். உதாரணத்துக்கு ஒரு விலையை வைத்துக்கொள்வோம். 2,500 ரூபா மணிச் சட்டையை எட்டுத் தரம் போட்டால் ஒரு தரத்துக்கு 312 ரூபா. 1,800 ரூபா கொட்டன் சட்டையைக் கிழமைக்கு இரண்டு தரமாக ஒன்றரை வருடம் போட்டால் 150 தரத்துக்கு மேல், தரத்துக்கு 12 ரூபா. இந்தக் கணக்கை ஒரு மட்டையில் எழுதி மேசையில் வைத்திருக்கிறேன். தாய்மார் என்னைவிட வேகமாகக் கணக்குப் பார்க்கிறார்கள்.

கடைக்காரன் பக்கக் கணக்கு வேறு. மணிச் சட்டையில் ஒரு உருப்படிக்கு வரும் இலாபம் அதிகந்தான். ஆனால் பெருநாள் முடிந்த மறுநாள் எஞ்சியது பாதி விலைக்கும் போகாது. வீட்டு உடுப்பு பன்னிரண்டு மாதமும் போகும், முதல் முடங்காது. முழுத் தொகுதியையும் ஒன்றாக எடுப்பவருக்குத் தவணை கொடுக்கிறேன். வட்டியும் இல்லை, தவணைக்கென்று விலை கூட்டுவதும் இல்லை. கடற்றொழில் செய்யும் வீடுகளுக்கு மாத முடிவு என்று தவணை வைத்தால் ஒத்துவராது. கடல் கொந்தளிக்கும் கிழமைகளை விட்டுத்தான் திகதி வைக்க வேண்டும். அப்படியும் நின்றுபோன கடன் உண்டு, மறைக்கவில்லை. மடிப்புப் பிரித்து இறக்குவது என்னிடம் எடுத்த உடுப்புக்கு இலவசம். அந்தக் கூலியை அக்காவுக்கு நான் கொடுக்கிறேன். பிரிக்க வருபவர் வெறுங்கையோடு திரும்புவது குறைவு.

ஒரு முயற்சி பலிக்கவில்லை. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரித்தானியாவில் துணிக்குக் கூப்பன் இருந்தபோது, பெண்கள் தொண்டர் சேவை என்ற அமைப்பு பிள்ளைகளுக்குச் சிறுத்த உடுப்பை வாங்கிப் பெரியதாக மாற்றிக் கொடுக்கும் நிலையங்களை நடத்தியது. அதைப் படித்துவிட்டு நானும் நல்ல நிலையில் உள்ள சிறுத்த உடுப்பை ஒரு விலைக்கு எடுத்துத் திரும்ப விற்கலாம் என்று பார்த்தேன். எடுத்தது இருபதுக்கு மேல், விற்றது மூன்று. சிறிய ஊர், யாருடைய பிள்ளை எந்தச் சட்டை போட்டது என்று எல்லோருக்கும் தெரியும். குடும்பத்துக்குள் மூத்தது போட்டதை இளையது போடுவதில் யாருக்கும் வெட்கமில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளை போட்டதென்றால் வெட்கம். எஞ்சியவற்றைக் கழுவி மடித்து வேறு ஊருக்கு ஸதகாவாக அனுப்பினேன்.

மணிச் சட்டையை முற்றாக விட்டுவிட்டேனா என்றால் இல்லை. பெருநாளுக்கும் நத்தாருக்கும் கேட்டு வருகிறார்கள், வைக்கத்தான் வேண்டும். ஆனால் பத்துக்கு இரண்டு என்று குறைத்துவிட்டேன். உறையில் இருந்து வெளியே எடுத்து, உள் துணியைத் திருப்பிக் காட்டி, “இது மூன்று நாலு தரம் போடலாம், கழுவினால் பொறுப்பில்லை” என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். சிலர் அப்படியும் எடுக்கிறார்கள். சிலர் வைத்துவிட்டுக் கொட்டன் சட்டைப் பக்கம் போகிறார்கள்.

அந்தத் தோட்டவெளித் தாய் 2023இல் ஒரு தொகுதி எடுத்தார். போன மாதம் திரும்ப வந்தார். மூத்தவள் போட்ட காற்சட்டைகள் இப்போது இளையவனுக்கு. “துணிக்கு ஒண்டுமில்லை நானா, இலாஸ்டிக் மட்டும் தாங்க” என்றார். மூன்று யார் வெட்டிக் கொடுத்தேன். கூட வந்த மச்சாள் கதவு நிலையில் தன் பிள்ளையை நிறுத்தி அளவு பார்த்துக்கொண்டிருந்தார்.